பாமினிக் கோப்புகளில் உறங்கும் பெயர்கள்: யுனிகோட்டுக்கு மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

இடம்பெயர்ந்தோர் விபரங்கள், காணாமல் ஆக்கப்பட்டோர் தொடர்பான மனுக்கள், ஊர்ச் சங்க அறிக்கைகள் என எமது பழைய ஆவணங்கள் பல பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டவை. அந்தக் கோப்புகள் இன்றும் திறக்கும். ஆனால் ஒரு பெயரை யுனிகோட் தமிழில் தட்டித் தேடினால் அகப்படாது.

‘அம்மா’ என்று பாமினியில் நாம் காண்பதை, கணினி எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கில விசைக் குறிகளாகவே சேமித்திருக்கிறது. தமிழ் உருவத்தைக் கொடுப்பது எழுத்துரு மட்டுமே. யுனிகோட்டில் தமிழ் எழுத்துகளுக்கு 1991 முதல் தனி எண்கள் உண்டு. எழுத்துரு மாறினாலும் எழுத்து மாறாது.

மாற்றும்போது நேரும் பிழைகள்

அடையாள அட்டை இலக்கம்: பழைய இலக்கங்களின் முடிவில் உள்ள ஆங்கில ‘வீ’ பாமினியில் ‘ஏ’ ஆகும், ‘எக்ஸ்’ ‘ஓ’ ஆகும். மாற்றி முடித்ததும் ஒவ்வொரு இலக்கத்தையும் மூலத்துடன் ஒப்பிடுங்கள்.

காற்புள்ளி: பாமினியில் அந்த விசை ‘இ’. முகவரிகளின் நடுவே தனித்து நிற்கும் ‘இ’ பெரும்பாலும் இப்படி வந்ததுதான்.

ஔகாரம்: ‘சௌந்தரி’, ‘செளந்தரி’ இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும். முதலாவதில் இருப்பது ஔகாரக் குறி, மற்றதில் ‘ள’ என்ற எழுத்து. தேடும்போது இரண்டு வடிவங்களையும் தட்டிப் பாருங்கள்.

சேமிக்கும்போது

மூலக் கோப்பைத் தொடாமல், பிரதியில் மட்டும் வேலை செய்யுங்கள். பாமினி எழுத்துருக் கோப்பையும் கூடவே வைத்திருங்கள். புதிய கோப்பை ‘யுடிஎப்-8’ முறையில் சேமியுங்கள். வேறு முறையில் சேமித்து, தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாக மாறிவிட்டால், அந்தக் கோப்பிலிருந்து பெயர்களை மீட்க முடியாது.

பட்டியலைத் தேட மென்பொருள் எழுதுவோர், கோப்பு எந்தக் குறிமுறையில் உள்ளது என்பதை வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும். 2022இல் வந்த ஜாவா 18க்கு முந்திய பதிப்புகள் கணினியின் இயல்பு முறையையே எடுத்துக்கொள்ளும். ஒரு கணினியில் சரியாகத் தெரிந்த பெயர் இன்னொன்றில் சிதைவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கடைசியாக ஒன்று. சாட்சிகளின் பெயர், முகவரி உள்ள ஆவணங்களை, யார் நடத்துகிறார்கள் என்று தெரியாத இணைய மாற்றிகளில் ஒட்டாதீர்கள். இணையத் தொடர்பின்றி உங்கள் கணினியிலேயே இயங்கும் மாற்றியைப் பயன்படுத்துங்கள். பெயர் தேடக் கிடைக்க வேண்டும். அதனால் எவருக்கும் ஆபத்து வந்துவிடக் கூடாது.