மால்டாவின் ஆடுகளும் சம்மிற் பார்த்த இரத்தமும்

எங்கட ஊரில் ஆட்டுப்பால் என்றால் பாதி மருந்து. குழந்தைக்கும் நல்லது, வருத்தக்காரருக்கும் நல்லது என்று சொல்லுவினம். ஆனால் அதைக் காய்ச்சாமல் குடிக்கிற ஆக்களை நான் கண்டதில்லை. அந்தப் பழக்கம் இல்லாத ஒரு தீவு பட்ட பாட்டைத்தான் இண்டைக்கு எழுதப்போறன்.

மத்தியதரைக் கடலுக்கு நடுவில் இருக்கிற மால்டா 1800 இல் பிரித்தானியரிடம் போனது. எங்களை மாதிரி அதுவும் ஒரு காலனி. பெரிய கடற்படைத் தளம். அங்கே போன சிப்பாய்களுக்கு ஒரு விசித்திரமான காய்ச்சல் வரும். ஏறும், இறங்கும், விட்டுவிட்டதென்று நினைக்கத் திரும்பவும் ஏறும். இரவில் உடம்பு வியர்வையில் நனையும், மூட்டெல்லாம் நோகும். சாகிறவர்கள் குறைவு. ஆனால் மாதக்கணக்கில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கவேண்டும். மால்டா காய்ச்சல் என்றே அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள்.

1887 இல் டேவிட் புரூஸ் என்ற இராணுவ வைத்தியர், இறந்த சிப்பாய்களின் மண்ணீரலில் இருந்து கிருமியைப் பிரித்தெடுத்தார். கிருமி கிடைத்துவிட்டது, ஆனால் அது எந்த வழியால் உடம்புக்குள் போகிறது என்று பிறகும் பதினெட்டு வருசம் ஒருவருக்கும் தெரியாது. துறைமுகத்துச் சாக்கடை என்றார்கள், தூசி என்றார்கள், நுளம்பு என்றார்கள். 1904 இல் புரூசைத் தலைவராக வைத்து ஒரு ஆணைக்குழு விசாரிக்கத் தொடங்கியது.

அந்தக் குழுவில் மால்டாக்காரரான வைத்தியர் ஒருவர் இருந்தார். பெயர் தெமிஸ்ரொக்கிளிஸ் சம்மிற். கிருமியை ஆடுகளுக்குக் கொடுத்துப் பார்ப்போம் என்று 1905 இல் ஆறு ஆடுகளை எடுத்தார். கொடுப்பதற்கு முதல், ஒரு ஒழுங்குக்காக அவற்றின் இரத்தத்தைச் சோதித்தார். முழுக்கதையும் திரும்பியது அந்த இடத்தில்தான்.

சோதனை பெரிய மந்திரம் இல்லை. இரத்தத்தை உறைய வைத்தால் மேலே தெளிந்த நீர்ப்பாயம் வரும். கிருமி ஏற்கனவே உடம்புக்குள் போயிருந்தால் அதை எதிர்க்கிற பிறபொருளெதிரி அந்த நீர்ப்பாயத்தில் இருக்கும். அதோடு கிருமிகளைக் கலந்தால் அவை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிகட்டியாகத் திரளும். இல்லாவிட்டால் கலங்கலாகவே நிற்கும். மனிதர்களில் மால்டா காய்ச்சலுக்கு இதை 1897 இலேயே அல்ம்ரொத் றைற் செய்துகாட்டியிருந்தார்.

சம்மிற்றின் ஆறு ஆடுகளில் ஐந்தின் இரத்தம் திரண்டது. ஒன்றுக்கும் காய்ச்சல் இல்லை, மெலிவு இல்லை, பாலும் குறைவில்லை. அதனால்தான் அவ்வளவு காலமும் ஆட்டில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. பிறகு தீவு முழுக்கப் பட்டிபட்டியாகப் பார்த்தார்கள். கிட்டத்தட்டப் பாதி ஆடுகளின் இரத்தம் அப்படியே இருந்தது. பத்தில் ஒன்று பாலிலேயே கிருமியை விட்டுக்கொண்டிருந்தது.

அதே 1905 இல் மால்டாவிலிருந்து அமெரிக்காவுக்கு அறுபதுக்கு மேற்பட்ட ஆடுகளை ஏற்றிக்கொண்டு யோசுவா நிக்கல்சன் என்ற கப்பல் போனது. வழியில் அந்தப் பாலைக் குடித்த மாலுமிகள் பலருக்கு மால்டா காய்ச்சல். இதைவிடச் சாட்சி வேண்டுமோ?

1906 இல் படையினருக்கு ஆட்டுப்பால் நிறுத்தப்பட்டது. வருசத்துக்கு நூற்றுக்கணக்கில் படுத்த சிப்பாய்கள், அடுத்த வருசமே விரல்விட்டு எண்ணுகிற அளவுக்குக் குறைந்தார்கள்.

சரி, மால்டாச் சனத்துக்கு என்ன நடந்தது? எனக்கு மனம் பொறுக்காத பகுதி இதுதான். சிப்பாய்க்கு வேறு பால் வாங்கிக் கொடுக்க அரசாங்கம் இருந்தது. ஊர்ச்சனத்துக்கு ஆட்டை விட்டால் வேறு பால் இல்லை. மேய்ப்பர்கள் மந்தையைத் தெருத்தெருவாக ஓட்டிவந்து, வாசலில் வைத்துக் கறந்து கொடுப்பார்கள். மாடிப்படியிலும் ஆட்டை ஏற்றுவார்களாம். கண் முன்னால் கறந்தால்தான் தண்ணி கலக்கவில்லை என்ற நம்பிக்கை. அந்தச் சனத்திடம் போய் 'உன் ஆடு நோய்க்காரி' என்றால் யார் கேட்பான்? பாதி ஆட்டைக் கொன்றால் மேய்ப்பன் எதைத் தின்பான், அவனிடம் பால் வாங்கும் குடும்பம் பிள்ளைக்கு எதைக் கொடுக்கும்? தலைநகர் வலெற்றாவில் பாலைச் சூடாக்கிக் கிருமி நீக்கி விற்கும் முறை வந்தது 1938 இல். சிப்பாய் தப்பி முப்பத்திரண்டு வருசத்துக்குப் பிறகு! சம்மிற் அதற்கு முன்பே, 1935 இல் கண்ணை மூடிவிட்டார். கிருமிக்குப் புரூசின் பெயரால் புரூசெல்லா என்று பெயர். சம்மிற்றின் முகம், சுதந்திரம் கிடைத்த 1964 இல் மால்டா வெளியிட்ட முத்திரையில் புரூசோடு சேர்ந்து வந்தது.

நான் இதை எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கு. யுத்தம் முடிந்த பிறகு வன்னிக் குடும்பங்களுக்கு வாழ்வாதார உதவியாக ஆடு வாங்கிக் கொடுக்கிற பழக்கம் எங்கட ஆக்களிடம் வந்திருக்கிறது. நல்ல விசயம். நாலு இடத்தில் நாலு ஆடு வாங்கி, ஒரே பட்டியில் விடுவோம். கொழுத்த ஆடாக, பால் மடி பார்த்து வாங்குவோம். சம்மிற்றின் ஆடுகளும் பார்வைக்கு அப்படித்தான் நின்றன.

இண்டைக்கு அந்தச் சோதனை இன்னும் சுலபம். றோஸ் பெங்கால் என்று பெயர். ஒரு சொட்டு நீர்ப்பாயம், ஒரு சொட்டு இளஞ்சிவப்புச் சாயமிட்ட செத்த கிருமி, வெள்ளைத் தட்டில் கலந்து நாலு நிமிசம் அசைத்தால் திரளுதா இல்லையா என்று தெரியும். திரண்டால் இன்னொரு சோதனையால் உறுதிப்படுத்துவார்கள்.

ஆகவே காசு சேர்க்கிற நண்பர்களே, ஆடு வாங்கமுதல் மிருக வைத்தியரிடம் கதைத்து இரத்தம் பார்க்கவும் கொஞ்சக் காசு ஒதுக்குங்கோ. கொடுத்தபிறகு ஒரு ஆட்டில் நோய் கண்டு அதை எடுக்கவேண்டி வந்தால், அந்தத் தாய்க்கு மாற்று ஆடு கொடுக்கவும் இப்பவே ஒதுக்கி வையுங்கோ. அது இல்லாவிட்டால் அவ ஆட்டை ஒளித்துத்தான் வைப்பா. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வன்.