வேல்ஸ் முதல் வலாக்கியா வரை: 'அயலான்' என்னும் சொல்

பிரிட்டனின் வேல்ஸ், பெல்ஜியத்தின் வலோனியா, ருமேனியாவின் வலாக்கியா ஆகிய மூன்று பெயர்களும் ஒரே வேரில் கிளைத்தவை. காலியப் போர் குறித்த நூலில் 'வோல்க்கே' என்னும் இனக்குழுவைச் சீசர் குறிப்பிடுகிறார். செருமானியர் தம் அண்டையிலிருந்த இக்குழுவின் பெயரையே கெல்ட்டியர் அனைவருக்கும், பின்னர் உரோமானியருக்கும் இட்டனர் என்பது மொழியியலாளர் பலர் ஏற்கும் கருத்து. காலப்போக்கில் அது அயலானைக் குறித்தது. ஆங்கிலேயரின் 'வால்நட்' கூட அயலான் கொட்டைதான்.

பழைய ஆங்கிலத்தில் அதன் வடிவம் 'வெயல்ஹ்'. பிரிட்டனின் முன்னைக் குடிகளைச் சுட்டிய அச்சொல் அடிமையையும் சுட்டலாயிற்று. 7ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெசெக்ஸ் மன்னன் இனே வகுத்த சட்டத்தில் இதன் விளைவு வெளிப்படையாகவே தெரிகிறது. ஒரு 'ஹைடு' நிலமுடைய வெயல்ஹ் கொல்லப்பட்டால் உறவினர்க்குரிய ஈட்டுத்தொகை 120 ஷில்லிங். ஆங்கிலேயக் குடியானவனுக்கோ 200. நிலமற்ற வெயல்ஹின் உயிருக்கு 60 மட்டுமே. பெயரே உயிரின் விலையை அறுதியிட்டது.

கிழக்கே ஸ்லாவியர் இச்சொல்லைக் கடன்பெற்று, இலத்தீன் வழிமொழி பேசியோர்மீது ஏற்றினர். அவர்களிடமிருந்து பெற்ற ஹங்கேரியர் இத்தாலியரை 'ஒலாஸ்' என்றும் ருமேனியரை 'ஒலா' என்றும் பிரித்து வழங்கினர்.

பெயர் சூட்டப்பட்டோர் தம்மை அழைத்த விதம் வேறு. வேல்ஸ் மக்களுக்குத் தாம் 'கம்ரி'; ஒரே நாட்டவர் என்பது அதன் மூலப்பொருள். வலாக்கியரும் தம் நாட்டுக்கு உரோமின் வழிவந்த பெயரையே வைத்துக்கொண்டனர். வலோனியர் மட்டும் பிறர் இட்ட பெயரைத் தமதாக்கிக்கொண்டனர். அவர்தம் மொழிக்கும் இன்று அதுவே பெயர்.