அடுப்படிப் புகையின் கதை

பெரம்பலூர், அரியலூர் கிராமங்களில் விறகைக் காசு கொடுத்து வாங்குபவர்கள் குறைவு. பருத்தி எடுத்து முடிந்தபின் காட்டில் நிற்கும் பருத்திமார், மக்காச்சோளம் உதிர்த்தபின் மிஞ்சும் சக்கை, ஆண்டிமடம், ஜெயங்கொண்டம் பக்கம் முந்திரிக் கிளைகள், எங்கும் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேல், மாடு இருக்கும் வீட்டில் வரட்டி. இவை போதும், சோறு வெந்துவிடும். செலவு என்று பார்த்தால் பூஜ்யம். ஆனால் ஊதாங்குழலை வாயில் வைத்துக் குனிந்து ஊதும் பெண்ணின் நெஞ்சும் கண்ணும் எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

இந்தப் புகையை விரட்டும் முயற்சி சுதந்திரத்துக்கு முன்பே தொடங்கிவிட்டது. தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா, பம்பாயில் ஆடிட்டராக இருந்தவர். லாப நஷ்டம் பார்க்கத் தெரிந்த அவர் காந்தியுடன் சேர்ந்து, 1934-ல் தொடங்கிய அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தை வார்தாவில் நடத்தினார். புகைபோக்கி வைத்த 'மகன் சூளா' என்ற மண் அடுப்பு அங்கே உருவானதுதான். 1953-ல் ஹைதராபாத் பொறியாளர் எஸ்.பி. ராஜு புகையில்லாச் சமையலறை பற்றித் தனிப் புத்தகமே எழுதினார்.

அப்போது புகை எவ்வளவு என்று யாரும் அளந்திருக்கவில்லை. அமெரிக்க ஆய்வாளர் கிர்க் ஸ்மித் 1981-ல் குஜராத் கிராமங்களில் சமைக்கும் பெண்களிடமே கருவியைப் பொருத்தி அளந்தார். உலகமே திரும்பிப் பார்த்தது அதன் பிறகுதான்.

1983-ல் மத்திய அரசு மேம்படுத்தப்பட்ட அடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது. 2002-ல் அது முடிவதற்குள் நாடு முழுக்க மூன்று கோடிக்கும் மேல் அடுப்புகள் வைக்கப்பட்டன. எண்ணிக்கை பெரிதுதான்... ஆனால் புகைபோக்கியில் கரி அடைத்துக்கொண்டால் சுத்தம் செய்ய ஆளில்லை. குழாய் உடைந்தால் மாற்றித் தரவும் ஆளில்லை. வைத்த அடுப்பைத்தான் எண்ணினார்களே தவிர, எரியும் அடுப்பை யாரும் சரியாக எண்ணவில்லை!

தமிழ்நாட்டுக்கான அளவு 2002-ல் வெளியானது. சென்னை ஸ்ரீராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியின் கல்பனா பாலகிருஷ்ணன் குழு, நான்கு மாவட்டங்களில் 436 கிராமத்து வீடுகளை அளந்தது. விறகு எரியும் வீட்டில் சமைப்பவர் ஒரு நாளில் சுவாசிக்கும் காற்றில் சராசரியாக கனமீட்டருக்கு 231 மைக்ரோகிராம் நுண்தூசி இருந்தது. அதே வீட்டில் சமைக்காதவருக்கு 90. கேஸ் போன்ற சுத்தமான எரிபொருள் உள்ள வீடுகளில் 82. சமைக்கும் நேரத்தில் மட்டும் விறகு வீட்டில் அது 500 முதல் 2,000 வரை போனது. ஒரே கூரை, ஒரே குடும்பம். ஆனால் புகையில் பெரும்பங்கு அடுப்புக்கு முன் உட்கார்ந்தவருக்குத்தான்.

இதற்கிடையில் 1995-ல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தது. அதிலிருந்து அரியலூர் 2001-ல் பிரிந்து, 2002-ல் திரும்பச் சேர்ந்து, 2007-ல் மறுபடி தனியானது. அந்த 2007-ல்தான் தமிழக அரசின் இலவச கேஸ் அடுப்புத் திட்டமும் தொடங்கியது. 2016-ல் மத்திய அரசின் உஜ்வலா வந்தது. இந்த முறை வந்தது மண் அடுப்பு இல்லை, சிலிண்டர். பெரிய மாற்றம் இதுதான்.

ஆனாலும் இணைப்புதான் இலவசம். அடுத்தடுத்த சிலிண்டருக்குப் பணம் கட்ட வேண்டும். கூலி வேலை இல்லாத மாதத்தில் அந்தத் தொகையை மொத்தமாகப் புரட்டுவது லேசில்லை. விறகோ வரப்பிலேயே கிடக்கிறது. அதனால் காலையில் டீயும் குழம்பும் கேஸில், சோறும் குளிக்க வெந்நீரும் விறகில் என்று பல வீடுகளில் இரண்டு அடுப்பும் சேர்ந்தே எரிகின்றன. பருத்தி சீசன் முடிந்ததும் தாழ்வாரத்தில் மார் கட்டுகள் அடுக்கப்படுகின்றன, மழைக்காலத்துக்காக.