மின்னூர்தியும் வலு மாற்றியும்

மின்னூர்தியின் வரலாற்றைக் கூற முற்படுவோர் பெரும்பாலும் மின்கலத்தின் வரலாற்றையே கூறி அமைவர். கலத்திற்கும் மோட்டருக்கும் இடையே நின்று, நேரோட்டத்தை ஆடலோட்டமாக்கி அளந்து விடுக்கும் வலு மாற்றியை நினைப்பவர் சிலரே. ஆயின் அம்மாற்றியின் வினைத்திறன் வளர்ந்தவாற்றை அறியாதார்க்கு, ஒருகால் மறைந்த மின்னூர்தி மீண்டெழுந்த காரணம் முற்றும் விளங்காது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க வீதிகளில் மின்னூர்திகள் பல ஓடின. வேகத்தைக் கட்டுப்படுத்தக் கலங்களைத் தொடராகவும் சமாந்தரமாகவும் மாற்றி இணைத்தனர். தடைகளையும் இடையிற் புகுத்தினர். மோட்டருக்கு அரைப்பங்கு அழுத்தம் போதுமாயின், எஞ்சிய அரைப்பங்கு தடையில் வெப்பமாய்க் கழிந்தது. 1912 இல் காடிலாக் கார் மின்தொடக்கி பெற்று, கையாற் சுழற்றித் தொடக்கும் தொல்லை நீங்கவே, பெற்றோல் கார்கள் மேலோங்கின.

தடையின் இழப்பைத் தவிர்க்கும் வழி யாது? அதன் இடத்தில் ஆளியை வைப்பதே. திறந்த ஆளியில் ஓட்டம் இல்லை. மூடிய ஆளியில் அழுத்தம் இல்லை. ஆகலின் குறைவிலா ஆளி செக்கனுக்குப் பல்லாயிரம் முறை திறந்து மூடினும் சக்தியை இழவாது. உலகிலோ குறைவிலா ஆளி இல்லை. மூடிய நிலையிற் சிறிது அழுத்தம் எஞ்சும். மாறுங் கணத்தில் ஓட்டமும் அழுத்தமும் ஒருங்கு நிற்கும். இவ்விரண்டையும் குறைக்கும் முயற்சியே இத்துறையின் வரலாறு.

1957 இல் அமெரிக்காவின் ஜெனரல் இலெக்றிக் நிறுவனத்தார் தைரிசுத்தரை ஆக்கினர். 1966 இல் ஜெனரல் மோட்டோர்ஸ் காட்டிய எலெக்ரோவேர் 2 என்னும் காரில் அதுவே ஆடலோட்டம் அளித்தது. ஆயின் ஒருமுறை மூடிய தைரிசுத்தர் ஓட்டம் அறும்வரை திறவாது. அதனைத் திறப்பதற்கே தனிச் சுற்று வேண்டியிருந்தது. 1980களின் தொடக்கத்தில், சென்னையிற் பிறந்து அங்குள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திற் பயின்ற ஜயந்த் பாலிகா, ஜெனரல் இலெக்றிக்கில் ஐ.ஜீ.பீ.ரீ. என்னும் கருவியை உருவாக்கினார். சிறிய அழுத்தத்தாலேயே மூடவும் திறக்கவும் இயலும் அது, பேரோட்டத்தையும் தாங்க வல்லது.

1997 இல் விற்பனைக்கு வந்த தொயோட்டா பிரியஸ் கலப்பூர்தி அதனையே கொண்டது. 2003 இல் அதன் இரண்டாம் வடிவில் வேறோர் உபாயம் சேர்ந்தது: கலத்தின் ஏறத்தாழ 200 வோல்ற்று 500 வரை உயர்த்தப்பட்டது. அழுத்தம் இரண்டரை மடங்காயின், அதே வலுவிற்கு ஓட்டம் அத்துணை குறையும். ஓட்டத்தின் வர்க்கத்திற்கேற்ப எழும் கம்பியிழப்போ ஆறிலொரு பங்காகும்.

எனினும் கலப்பூர்தியின் மொத்த மின்னிழப்பில் நூற்றுக்கு ஏறத்தாழ 20 பங்கு குறைகடத்திகளிலேயே நிகழ்கின்றதெனத் தொயோட்டா 2014 இற் கூறியது. சிலிக்கன் காபைட்டு இதற்கு மருந்தாயிற்று. 1891 இல் அச்சிசன் ஆக்கிய இப்பொருள் நெடுங்காலம் உலோகம் தீட்டவே பயன்பட்டது. சிலிக்கனிலும் ஏறத்தாழ 10 மடங்கு மின்புலத்தைத் தாங்குதலின், மெல்லிய படலமே போதும்; தடை குறையும்; மாறுங் கணமும் சுருங்கும். 2017 இல் வெளிவந்த தெஸ்லா மொடல் 3 இதனாலாய ஆளிகளைக் கொண்டது.

இழப்புக் குறையின் அதே தூரத்திற்குச் சிறிய கலம் போதும். இலிதியத்திற்காக மண்ணை அகழ்வதும் அவ்வளவிற்குக் குறையும். நிறைந்த கிணறு இருந்தும் வாய்க்காலில் நீர் சுவறுமாயின் பயிர் வாடும் என்பதை நம் தோட்டக்காரர் நன்கறிவர். மின்னூர்தியின் நூற்றாண்டு வரலாறு உணர்த்துவதும் அதுவே.