சிறு பாலூட்டிகளின் ஆற்றல் செலவு: ஆய்வு வரலாறு

ஓய்வில் இருக்கும் விலங்கு உயிர்வாழச் செலவிடும் ஆற்றலின் அளவு அடிப்படை வளர்சிதைமாற்ற வீதம் எனப்படும். ஒரு கிலோ எடைக்கு எனக் கணக்கிட்டால், யானையைவிடச் சுண்டெலி பல மடங்கு ஆற்றலைச் செலவிடுகிறது. இதன் காரணத்தை அறியும் முயற்சி இன்றும் தொடர்கிறது.

தொடக்கம்

1782-83 குளிர்காலத்தில் பாரிசில் லவாய்சியரும் லாப்லாசும் பனிக்கட்டி சூழ்ந்த கலத்தினுள் ஒரு கினிப்பன்றியை வைத்தனர். உருகிய நீரின் அளவைக் கொண்டு அதன் உடல் வெளிவிட்ட வெப்பத்தைக் கணித்தனர். மூச்சு என்பது மெதுவாக நிகழும் எரிதலே என்பது அவர்கள் கண்ட முடிவு.

பரப்பளவு விதி

பக்கம் 2 செ.மீ. உள்ள கனசதுரத்தின் கன அளவு 8, பரப்பு 24. பக்கம் 1 செ.மீ. எனில் கன அளவு 1, பரப்பு 6. அதாவது, உருவம் சிறுத்தால் கன அளவுக்கு ஏற்ற பரப்பு கூடும். வெப்பமும் விரைவாக வெளியேறும். செருமானிய அறிஞர் மாக்ஸ் ரூப்னர் 1883-இல் ஏழு நாய்களை அளந்தார். 31 கிலோ நாய் ஒரு நாளில் கிலோவுக்குச் சுமார் 36 கிலோகலோரியும், 3 கிலோ நாய் 88 கிலோகலோரியும் செலவிட்டன. ஒரு சதுர மீட்டர் உடற்பரப்புக்குக் கணக்கிட்டபோதோ ஏழும் ஏறத்தாழ ஒத்திருந்தன.

கிளைபரின் திருத்தம்

சுவிட்சர்லாந்தில் பிறந்து கலிபோர்னியாவில் பணியாற்றிய மாக்ஸ் கிளைபர், எலி முதல் காளை வரையிலான அளவீடுகளை 1932-இல் தொகுத்தார். ஆற்றல் செலவு எடையின் 2/3 அடுக்கில் அல்ல, ஏறத்தாழ 3/4 அடுக்கில் கூடுவதாக அவர் கண்டார். இதன்படி, எடை 16 மடங்கானால் ஆற்றல் செலவு 8 மடங்கே ஆகும். வெப்ப இழப்பு மட்டுமே காரணம் என்ற விளக்கம் இதனால் வலுவிழந்தது. 1997-இல் வெஸ்ட், பிரவுன், என்குவிஸ்ட் ஆகியோர் இரத்தக் குழாய்களின் கிளை அமைப்பைக் காரணமாகக் கூறினர். எது சரியான அடுக்கு என்ற விவாதம் முடியவில்லை.

மூஞ்சூறும் கீழ் எல்லையும்

பாலூட்டி எவ்வளவு சிறியதாக இருக்க முடியும்? 1948-இல் ஆலிவர் பியர்சன், சுமார் 2.5 கிராமுக்குக் கீழ் போனால் தேவையான உணவைத் தேடித் தின்ன இயலாது என்று கணித்தார். சுமார் 2 கிராம் எடையுள்ள எட்ரூஸ்கன் மூஞ்சூறு அந்த விளிம்பிலேயே வாழ்கிறது. அதன் இதயம் நிமிடத்துக்கு 1000 முறைக்கு மேலும் துடிக்கக்கூடும். குளிரிலும் உணவு குறையும்போதும் அது உடல் வெப்பத்தைத் தணித்து மந்த நிலைக்குச் செல்கிறது. சாதாரண மூஞ்சூறுகளின் மண்டையோடு குளிர்காலத்தில் சுருங்குவதைப் போலந்தின் ஆகஸ்ட் டேனல் 1949-இல் விவரித்தார்.

மருந்தளவில் இதன் முக்கியத்துவம்

1962-இல் ஒக்லகோமாவில் டஸ்கோ என்ற யானைக்கு 297 மில்லிகிராம் எல்.எஸ்.டி. செலுத்தப்பட்டது. பூனைகளுக்குக் கொடுத்த அளவு எடை விகிதப்படி பெருக்கப்பட்டிருந்தது. யானை இரண்டு மணி நேரத்திற்குள் இறந்தது. வேறு மருந்துகளும் தரப்பட்டதால் இறப்புக்கான காரணத்தில் கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும், எடையை மட்டும் கொண்டு மருந்தளவைக் கணிப்பதன் ஆபத்துக்கு இது சான்றாகக் காட்டப்படுகிறது. சுண்டெலியில் சோதித்த மருந்தை மனிதரில் முதன்முறை சோதிக்கும்போது, கிலோவுக்கான அளவை 12.3-ஆல் வகுக்கும் முறை அமெரிக்க மருந்து நிர்வாகத்தின் 2005 வழிகாட்டுதலில் உள்ளது. இது உடற்பரப்பை அடிப்படையாகக் கொண்டது. கிளைபர் திருத்திய பழைய விதி இவ்வாறு மருந்தியலில் இன்றும் பயன்பாட்டில் உள்ளது.