ஆற்றுணாவும் சுமைதாங்கியும்

பூமிக்குப் பாரமாகாமல் பயணம் செய்வது எப்படி என்ற பேச்சு இன்று எங்கும் கேட்கிறது. துணிப்பை, எவர்சில்வர்க் குப்பி, மூங்கிலாலான பல்துலக்கி என்று எடுத்துச் செல்ல வேண்டிய பொருள்களின் பட்டியல் ஒன்றும் உடன் வருகிறது. பழந்தமிழ்ப் பயணிகளின் மூட்டைகளை இலக்கியத்தின் துணைகொண்டு அவிழ்த்துப் பார்த்தால், இப்பட்டியல்களில் இடம்பெறாத ஒன்று தென்படும். அவர்கள் நடந்து சென்ற வழிதான் அது. மூட்டையின் கனத்தை முடிவு செய்ததில் பயணியின் மனத்திற்கு எவ்வளவு பங்குண்டோ, அவ்வளவு பங்கு வழிக்கும் உண்டு.

வழியில் உண்பதற்கென எடுத்துச் சென்ற உணவுக்கு ‘ஆற்றுணா’ என்று பெயர். ஆறு என்றால் வழி. உணா என்றால் உணவு. கட்டுச்சோறு, பொதிசோறு, கட்டமுது என்பன அதன் பிற்காலப் பெயர்கள். கற்றவனுக்கு ஆற்றுணா வேண்டியதில்லை, அவன் செல்லும் நாடெல்லாம் அவன் நாடே என்னும் கருத்தைப் பழமொழி நானூறு கூறுகிறது. கல்வியின் பெருமைக்காகவே இச்செய்யுள் எடுத்துக்காட்டப்படுவது வழக்கம். ஆயினும் கல்லாதவன் சோற்று மூட்டையோடு புறப்பட்டான் என்பதும், வழியில் உள்ளோர் சோறிட்டால் அம்மூட்டை தேவையில்லை என்பதும் அதனுள் அடங்கியிருக்கின்றன.

ஆற்றுப்படை இலக்கியங்கள் இதனை விரித்துரைக்கின்றன. 583 அடிகளையுடைய மலைபடுகடாம் ஒரு மூட்டையோடு தொடங்குகிறது. கூத்தரின் இசைக்கருவிகளை இட்ட பைக்குக் ‘கலப்பை’ என்று பெயர். காவடித் தண்டின் இருபுறமும் சமமான எடை அமையும்படி சுருக்கிக் கட்டிய அப்பைகளைக் கொத்தாகக் காய்த்த பலாக்காய்களுக்கு ஒப்பிடுகிறார் பெருங்கௌசிகனார். முழவும் குழலும் அதில் உள்ளன. சோறு பற்றிய பேச்சு அங்கு இல்லை. நன்னனைக் காணச் செல்லும் வழியில் குறவர் தினைச்சோறு தருவர், ஆயர் பால் தருவர், மருத நிலத்தார் மீனும் சோறும் தருவர் என்று ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு போகிறது பாட்டு. புலவர் அதனை மன்னனின் நாட்டு வளமாகப் பாடினார். நடந்து செல்பவனுக்கோ அது சுமைக் குறைப்பு!

வழியை நம்ப இயலாதவர்களும் இருந்தனர். மேட்டிலும் பள்ளத்திலும் உப்பு வண்டி ஓட்டிய உமணர், வண்டியின் அடியில் ‘சேம அச்சு’ ஒன்றைக் கட்டிக்கொண்டனர் என்கிறார் ஔவையார், புறநானூற்றின் 102ஆம் பாட்டில். பெரும்பாணாற்றுப்படையின் உப்பு வண்டியில் காடிக் கலமும் உண்டு, குழந்தையும் உண்டு. கைக்குழந்தையோடு ஒரு பெண் எருதுகளை ஓட்டிச் செல்கிறாள். உடைந்தால் பயன்படும் மாற்று அச்சையும் கெடாத உணவையும் அவர்கள் உடன் கொண்டு சென்றனர்.

மூட்டை கட்டுவதில் அறம் நேரடியாக நுழையும் இடம் சிலப்பதிகாரம். கோவலனோடும் கண்ணகியோடும் மதுரைக்குப் புறப்பட்ட கவுந்தியடிகள் மூன்று பொருள்களை எடுத்துக்கொண்டார்: பிச்சைப் பாத்திரமாகிய கடிஞை, தோளில் தொங்கும் உறி, கையில் மயிற்பீலி. அமரும் இடத்திலும் நடக்கும் இடத்திலும் உள்ள சிற்றுயிர்களை நோகாமல் விலக்குவதற்கே சமணத் துறவியர் பீலி ஏந்தினர். புறப்படும் முன்னர்க் கவுந்தி வழியின் இடர்களைச் சொல்கிறார். கரை ஓரமாகச் சென்றால் நண்டும் நத்தையும் காலடியில் மிதிபட்டு வருந்தும், அத்துன்பத்தைத் தாங்க இயலாது என்கிறார். கள்வர்க்கோ விலங்குக்கோ அஞ்சுவது பயணிகளின் இயல்பு. தம் காலடியால் பிற உயிருக்கு நேரும் தீங்குக்கு அஞ்சிய பயணி என்ற வகையில், கவுந்திக்கு ஒப்பாகச் சொல்லக்கூடியவர் தமிழ்க் காப்பியங்களில் அரியர்.

பக்தி இலக்கியத்திற்கு வரும்போது வழியே தெய்வத்தன்மை பெறுகிறது. திங்களூரில் அப்பூதியடிகள் திருநாவுக்கரசர் பெயரால் தண்ணீர்ப் பந்தல் அமைத்திருந்தார். வழியே வந்த நாவுக்கரசர் தம் பெயரைத் தாமே அங்குக் கண்டு வியந்தார். திருப்பைஞ்ஞீலிக்குச் செல்லும் வழியில் பசியாலும் வேட்கையாலும் அவர் இளைத்தபோது, இறைவன் சோலையும் குளமும் அமைத்து, அந்தணர் வடிவில் பொதிசோற்றோடு காத்திருந்தான் என்கிறார் 12ஆம் நூற்றாண்டுச் சேக்கிழார். திருக்குருகாவூரில் சுந்தரருக்கும் இதுபோலவே பந்தரும் பொதிசோறும் கிடைத்தன. இறைவன் பொன்னோ பல்லக்கோ தரவில்லை. நிழல், நீர், சோறு என்று நடைவழியில் இன்றியமையாத மூன்றையே தந்தான்.

கல்லிலும் இவ்வறம் எழுந்தது. இரண்டு தூண்களின்மேல் ஒரு கிடைக்கல் வைத்தால் சுமைதாங்கி. தலைச்சுமையைப் பிறர் உதவியின்றி இறக்கவும் ஏற்றவும் தோதான உயரம் அதற்கு. கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாக அதனை நாட்டுவது வழக்கம். இறக்க முடியாத சுமையோடு போனவளுக்காக, மற்றவர் சுமையை இறக்கிவைக்க ஒரு கல்! இதனினும் நயமான நினைவுச்சின்னத்தை எந்தப் புலவரும் கற்பனை செய்துவிட முடியாது. இராணி மங்கம்மாள் (1689–1706) பெயரால் சாலைகளும் சத்திரங்களும் இன்றும் சுட்டப்படுகின்றன. தஞ்சை மராட்டியர் அமைத்த சத்திரங்களுள் ஒரத்தநாட்டு முத்தாம்பாள் சத்திரம் பெயர்பெற்றது. சத்திரத்தில் பானையும் அடுப்பும் சோறும் இருக்குமென்றால் பயணி அவற்றைச் சுமக்க வேண்டியதில்லை.

ஆனால் இந்தக் கொடை எல்லாருக்கும் ஒன்றுபோல் கிட்டியதன்று. சத்திரத் திண்ணையும் பந்தியும் சாதியால் பிரிந்திருந்தன. தண்ணீர்ப் பந்தலில் குவளையைக் கையில் வாங்கியவரும் உண்டு, குவித்த கையில் ஊற்றப்பட்டதைக் குடித்தவரும் உண்டு. கட்டுச்சோற்றின் வரலாற்றில் பசியோடு தீட்டுக்கும் பங்குண்டு. பிறர் சமைத்ததை உண்ணக்கூடாதென்றே வாழையிலைப் பொதி கட்டியவர் பலர். 1856 ஜூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து வாலாஜா வரை இரயில் ஓடத் தொடங்கியபோது இந்தக் கட்டும் இரயிலேறியது. திருகுமூடியுள்ள பித்தளைக் கூஜாவில் வீட்டுத் தண்ணீர், மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, புளியோதரை, தயிர்சோறு. பொதிய வாழையிலை அல்லது மந்தாரை இலைத் தையல். இரயில் நிலைய உணவகங்களிலோ பிராமணர்க்கு ஓரிடம், இதரர்க்கு வேறிடம். பெரியார் இடைவிடாது எதிர்த்து வந்த அம்முறை 1941இல் நீங்கிற்று. சன்னல் வழியே எறிந்த இலையை மாடு தின்றது, மண்ணும் தின்றது. அந்த இலையைச் சூழலுக்கு உகந்ததென்று இன்று போற்றுவோர், அதனுள் எதற்காகச் சோறு பொதியப்பட்டது என்பதையும் மறக்கலாகாது.

கலம் அழிந்தே தீரவேண்டும் என்பதைச் சடங்காகவே வைத்திருப்பது சபரிமலை இருமுடி. முன்முடியில் வழிபாட்டுப் பொருள், பின்முடியில் வழிக்கு வேண்டியது. நெய்யைச் சுமப்பது தேங்காய். அபிடேகத்திற்கு நெய்யை எடுத்தபின் அத்தேங்காய் ஆழியில் எரிகிறது. அந்த முடிக்குள் பிளாஸ்டிக் வேண்டாமென்று பக்தர்களைக் கேட்டுக்கொள்ள வேண்டிய காலமும் வந்தது.

நெகிழிக் குப்பி கூஜாவை வென்றதற்குப் பயணியின் சோம்பலை மட்டும் காரணம் காட்டுவது பொருந்தாது. பேருந்து நிலையத்துக் குடிநீர்க் குழாய் வற்றியது, அல்லது நம்பிக்கைக்கு உரியதாக இல்லாமற் போயிற்று. வெறுங்கூஜாவை எங்கே நிரப்புவது? 2013 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு ‘அம்மா குடிநீர்’ என்ற பெயரில் ஒரு லிட்டர் குப்பியைப் பத்து ரூபாய்க்கு விற்கத் தொடங்கியது. பேருந்து நிலையங்களில் அதனை வாங்கியவர்கள் பெரும்பாலும் எளியவர்கள். தனியார் குப்பியின் விலையோடு ஒப்பிட்டால் அது அவர்களுக்கு உதவியே. ஆயினும் அப்பூதியடிகளின் பந்தலில் குவளை திரும்ப வைக்கப்பட்டது. இங்கே குப்பி எறியப்பட்டது.

2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பதினான்கு வகை நெகிழிப் பொருள்கள் தமிழ்நாட்டில் தடைசெய்யப்பட்டன. உணவு பொதியும் தாளும் தண்ணீர்ப் பாக்கெட்டும் அவற்றில் அடங்கும். தண்ணீர்க் குப்பி அடங்கவில்லை. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கியது. திருமண வீடுகளில் தாம்பூலத்தோடு வந்து, பிறகு ஊர்ப்பயணத்திற்கு மாற்றுடை சுமந்து, பட்டிக்காட்டான் அடையாளமென்று பட்டணத்தில் எள்ளப்பட்ட பை அது. 2022 ஜூனில், பத்து ரூபாய் நாணயம் இட்டால் மஞ்சப்பை தரும் இயந்திரம் கோயம்பேட்டுச் சந்தையில் நிறுவப்பட்டது. பைக்கு இயந்திரம் வந்த அதே நகரில், கோடையில் கட்சிகளும் கோயில்களும் ரசிகர் மன்றங்களும் கீற்றுப் பந்தலிட்டு மண்பானை வைக்கின்றன. முதல் மழையோடு பந்தல் பிரிக்கப்பட்டுவிடுகிறது. பானை வைத்த மணல்மேடு மட்டும் சிலநாள் அங்கே கிடக்கிறது.