மேஜர் றொஜர்ஸ்: ஊவாவில் ஒரு படைவீரரின் வாழ்வும் மறைவும்

கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை வழியாக வரும் நெடுஞ்சாலை பெரகலச் சந்தியை அடைந்ததும் இரண்டாகப் பிரிகின்றது. ஒரு கிளை கொஸ்லாந்தை, வெல்லவாய நோக்கித் தாழ்நிலத்துக்கு இறங்க, மற்றைய கிளை மலைமுகட்டில் ஏறி அப்புத்தளை, பண்டாரவளை வழியாகப் பதுளையை நோக்கிச் செல்கின்றது. அந்த அப்புத்தளை முகட்டிலே, 1845ஆம் ஆண்டு யூன் 7ஆந் திகதி, மின்னல் தாக்கி ஆங்கிலப் படைத்தலைவர் ஒருவர் மாண்டார். அவருக்கு அப்போது வயது 41. தோமஸ் வில்லியம் றொஜர்ஸ் என்பது அவர் பெயர். இலங்கை றைபிள் படையின் மேஜர். பதுளையின் உதவி அரசாங்க அதிபர். அவ்வூர் மாவட்ட நீதிபதியும் அவரே.

பதக்கம் சூடிய வீரரைப் பற்றி எழுதுவது எளிது. எந்தக் களத்தில் எத்தகைய துணிவு காட்டினார் என்பதைப் பதக்கத்தோடு வரும் பட்டயமே கூறிவிடும். றொஜர்ஸ் காலத்தில் விக்டோரியாச் சிலுவை ஏற்பட்டிருக்கவில்லை. அது 1856இலே வந்தது. அவருக்குக் கிடைத்த சிறப்பு வேறுவகையானது. பதுளை நகரிலுள்ள புனித மாற்கு தேவாலயம் அவர் நினைவாகவே எழுப்பப்பட்டு, 1857இல் கொழும்பின் முதல் ஆயர் சப்மன் அவர்களால் அபிடேகஞ் செய்யப்பட்டது. அங்குள்ள நினைவுக் கல்வெட்டு, அவருடைய நண்பர்களும் அவரை மதித்தோரும் அவரை அண்டி வாழ்ந்தோருமாகிய எல்லாத் தரத்தாரும் கூடி அதனை அமைத்தனர் என்று கூறுகின்றது. அதே மனிதரைத்தான் நூல்கள் 1,400க்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றவர் என்று நினைவு கொள்கின்றன. கல்வெட்டில் யானை இல்லை. நூல்களில் நீதிபதி பெரும்பாலும் இல்லை. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தாலன்றி அவர் வாழ்வு விளங்காது.

றொஜர்ஸ் ஆண்ட ஊவா எத்தகையது? 1815இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைப்பட்டது. இரண்டே ஆண்டுகளில் ஊவா கிளர்ந்தெழுந்தது. 1817 செப்டெம்பரில் பதுளையிலிருந்த அரசாங்கப் பிரதிநிதி சில்வெஸ்டர் டக்ளஸ் வில்சன் கொல்லப்பட்டார். கெப்பெற்றிப்பொல திசாவை கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கி, 1818 நவம்பர் 26ஆந் திகதி கண்டியிலே சிரச்சேதஞ் செய்யப்பட்டார். கிளர்ச்சியை அடக்கும்போது ஊர்கள் எரிக்கப்பட்டன, வயல்கள் பாழாக்கப்பட்டன, கால்நடைகள் அழிக்கப்பட்டன. குடிகள் மறைந்த இடத்தில் காடு ஏறியது. அந்தப் பாழ்நிலத்தின்மீதே ஆங்கில அதிகாரம் நிலைபெற்றது. ஆகவே, அங்கே படையதிகாரி ஒருவரே வரியறவிட்டு, வழக்குத் தீர்த்து, ஊர்களை மேற்பார்வை செய்ததில் வியப்பில்லை. போர் முடிந்தபின்னும் ஆட்சியின் உடை படையுடையாகவே இருந்தது. அவர் சேர்ந்திருந்த இலங்கை றைபிள் படையிலும் போர்வீரருட் பெரும்பாலோர் மலாயர். அப்படை 1873இற் கலைக்கப்பட்டது.

இனி யானைகளின் கணக்கு. 1845 முதல் 1850 வரை குடியேற்றச் செயலாளராக இருந்த சேர் ஜேம்ஸ் எமர்சன் ரெனன்ற், றொஜர்ஸ் 1,400க்கு மேற்பட்டவற்றைச் சுட்டார் என்றும், கப்டன் கால்வே அதிற் பாதிக்கு மேல் கொன்றார் என்றும், வீதி ஆணையாளர் ஸ்கின்னரும் ஏறக்குறைய அந்த அளவினர் என்றும் வரிசைப்படுத்தி எழுதியிருக்கின்றார். எண்ணை மட்டும் படித்துவிட்டு அப்பாற் செல்வது எளிது. சற்று வகுத்துப் பார்த்தல் வேண்டும். றொஜர்ஸ் இருபதாம் வயதிலேயே துப்பாக்கி தூக்கினார் என்று வைத்துக்கொண்டாலும், சாகும்வரை வாரத்துக்கு ஒன்றுக்கு மேலாகக் கொன்றிருத்தல் வேண்டும். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இலங்கை முழுவதிலும் காணப்பட்ட காட்டு யானைகள் 5,879. அத்தொகையின் ஏறத்தாழ நாலிலொரு பங்குக்கு நிகரானதை ஒரு மனிதர் தம் கையாற் சுட்டிருக்கின்றார்.

இது தந்தத்துக்காகச் செய்த வேட்டையன்று. இலங்கையில் ஆண் யானைகளிலும் மிகச் சிலவற்றுக்கே தந்தம் உண்டு. 1844இல் பிரசிய இளவரசர் வால்டெமாரோடு இலங்கைக்கு வந்த வைத்தியர் ஹொவ்மைஸ்டர், றொஜர்சின் இல்லம் முழுவதும் தந்தங்கள் நிறைந்திருந்ததை எழுதியிருக்கின்றார். அவர் குறிப்பின்படி, சுட்டவற்றுள் தந்தமுடையவை அறுபதுக்குச் சிறிது மேல். எஞ்சிய ஆயிரத்து முந்நூற்றுச் சொச்சமும் சுட்டவிடத்திலேயே காட்டில் அழுகின. ஆனைமுகனை வணங்கியே ஏடு தொடங்கும் நமக்கு இதனைப் படிக்கும்போது மனம் பதறுகின்றது. எனினும் வரலாறு எழுதுவோர் பதற்றத்தோடு நின்றுவிடலாகாது.

றொஜர்ஸ் தனிப்பட்ட கொடியவர் என்று கூறுவது போதாது. கண்டியரசர் காலத்தில் யானை அரசனுடைய உடைமை. உத்தரவின்றி அதனைக் கொல்லுதல் கடுங்குற்றம். ஆங்கிலேயர் ஆட்சியில் அதே யானையின் தலைக்குச் சில ஷில்லிங் வெகுமதி குறிக்கப்பட்டது. வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 1848க்கு முந்திய மூன்றாண்டுக்குட்பட்ட காலத்தில் 3,500 யானைகளுக்கு வெகுமதி கோரப்பட்டது. தென் மாகாணத்தில் 1851 முதல் 1856 வரை 2,000 யானைகளுக்கு வெகுமதி கொடுக்கப்பட்டது. இவையும் ரெனன்ற் தரும் கணக்குகளே. வயலைக் காக்க வேண்டிய கமக்காரனின் துன்பம் பொய்யன்று. ஆயினும் 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிச் சட்டத்துக்குப்பின் மலைக்காடுகள் கோப்பித் தோட்டக்காரருக்கு விற்கப்பட்ட வேகத்தையும் மறத்தல் கூடாது. காடு விற்பனைப் பொருளானபோது, அக்காட்டில் வாழ்ந்த விலங்கு இடையூறாகிவிட்டது. றொஜர்ஸ் தம் விருப்பத்துக்காகச் சுட்டார். அந்த விருப்பம் அரசாங்கத்தின் தேவையோடு ஒத்துப்போயிற்று. அதனாலேயே அவர் தடுக்கப்படாமற் போற்றப்பட்டார் என்பது என் துணிபு.

துணிவில்லாதவர் என்று அவரை ஒருவரும் கூறார். அக்காலத்துத் துப்பாக்கி வாய்வழியே மருந்திடுவது. குறி தவறினால் மறுமுறை நிரப்ப நேரமிராது. ஒருமுறை அடிபட்ட யானையொன்று அவரைத் துதிக்கையாற் பற்றி எறிந்ததாகவும், கை முறிந்தும் அவர் உயிர் தப்பினார் என்றும் கூறுவர். குணமடைந்தபின் மீண்டும் காட்டுக்கே சென்றார்.

அக்காலத்திலேதான் நம் முன்னோர் இம்மலைகளுக்கு வரத் தொடங்கினர். இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியம் 1832இல் ஒழிக்கப்பட்டபின், வீதி வெட்டவும் கோப்பி நடவும் கூலிக்கு ஆள் வேண்டியிருந்தது. தென்னிந்தியாவின் ஊர்களிலிருந்து கடல் கடந்து மன்னாரில் இறங்கி, வன்னிக் காடுகளினூடே மாத்தளைக்கு நடந்து வந்த தமிழர் அவ்வேலையைச் செய்தனர். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வழியிலே விழுந்தவர் பலர். றொஜர்ஸ் இறந்த 1845, கோப்பி மோகம் உச்சத்திலிருந்த காலம். 1847இல் விலை சரிந்தது. மேஜரின் வயதும் இறந்த நாளும் கல்லிற் பொறிக்கப்பட்டுள்ளன. அதே ஆண்டில் வடபாதையில் மாண்டவர்களுக்கு அவ்வாறான ஒரு கல்லும் இல்லை. அவர்கள் பெயரைத் தேடுவோருக்குக் கிடைப்பவை எண்கள்தாம்.

றொஜர்சின் இறுதியைப் பற்றிய செய்தி சுருக்கமானது. அப்புத்தளை வாடிவீட்டில் அவர் தங்கியிருந்தபோது இடியும் மழையும் மூண்டன. புயல் சற்றுத் தணிந்ததுபோலத் தோன்றவே, முன்விறாந்தைக்குச் சென்று வானத்தைப் பார்த்தார். எல்லாம் ஓய்ந்துவிட்டது என்று உள்ளேயிருந்தவர்களுக்குச் சொன்னார். அக்கணமே மின்னல் அவரைத் தாக்கியது. உடல் நுவரெலியாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு அங்கே அடக்கஞ் செய்யப்பட்டது. கொல்வ் மைதானத்தை அடுத்த பழைய கல்லறை நிலத்திலே அவர் சமாதி உள்ளது.

சமாதிக் கல்லையும் பின்னர் மின்னல் தாக்கிப் பிளந்தது என்பது மலைநாட்டிற் பரவிய கதை. யானைகளின் பழி அவரைத் தொடர்ந்தது என்று ஊர்மக்கள் கூறினர்; ஆங்கிலேய எழுத்தாளரும் அதனைச் சுவைபடத் திரும்பத் திரும்ப எழுதினர். மின்னல் நீதி வழங்குவதில்லை என்பது உண்மையே. றொஜர்சைப் போலவே நூற்றுக்கணக்கிற் கொன்ற ஸ்கின்னர் முதுமையெய்திப் படுக்கையில் மாண்டார். ஆனால் அக்கதையை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவதும் எனக்கு உடன்பாடன்று. நீதிமன்றத்தில் அந்த மேஜரே நீதிபதி. அவர்மீது குற்றஞ் சாட்ட வேறு மன்று இல்லை. வானத்தை மன்றாக்கிய கதை ஒன்றே மக்களுக்கு எஞ்சியிருந்தது.

தேவாலயக் கல்வெட்டு கூறும் "எல்லாத் தரத்தாரும்" யாவர் என்பதும் சிந்திக்கத்தக்கது. நீதிமன்றமும் இறைவரியும் ஒருவர் கையில் இருந்த ஊரில், அவர் இறந்தபின் பணங் கொடுத்தவர்களுள் அன்பினாற் கொடுத்தவர் எத்தனை பேர், அடுத்து வரும் அதிகாரியை எண்ணிக் கொடுத்தவர் எத்தனை பேர் என்பதைக் கல் கூறுவதில்லை. இரு வகையாரும் இருந்திருப்பர். காட்டிலே அடிச்சுவடு கண்டு அவரை யானைக்கூட்டத்தருகே அழைத்துச் சென்ற ஊவாவின் கிராமத்தவரும், இரண்டாம் துப்பாக்கியை ஏந்தி அவர் பின்னே நின்றவரும் அந்தத் தரத்தாருள் அடங்குவராதல் வேண்டும். அவர்களுள் ஒருவர் பெயரும் அங்கே இல்லை.